ஒரு பீடி தூரம்

அந்தப் பெடல் முதன்முதலில் எங்கள் ஸ்கேன் அறைக்கு வந்தது ஒரு துணிப்பையில், நான்கு வாழைக்காய்களோடு. டாக்டரம்மா அதைப் பெங்களூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்தபடியே கொண்டுவந்திருந்தார். இரண்டு தேக்குப் பலகைகள், அவற்றைச் சேர்க்க நைலான் கீல், மிதித்தால் எதிர்த்துத் தள்ளுவதற்காகச் சைக்கிள் டியூபைக் கீறிக் கட்டிய பட்டைகள். பெயருக்குக்கூட ஓர் ஆணி கிடையாது. எம்.ஆர்.ஐ. காந்தம் இருக்கும் அறைக்குள் இரும்பு நுழையக் கூடாது. ஹேர்பின்கூடத் தலையிலிருந்து பறந்துபோய் ஒட்டிக்கொள்ளும். வெளிநாடுகளில் இந்த வேலைக்கென்றே பெடல் செய்து விற்கிறார்களாம். "அவங்க விக்கட்டும், நமக்கு எங்க தெரு ஆசாரி இருக்கார்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா வாழைக்காய்களை என் மேசைமேல் எடுத்து வைத்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பெடலை மிதித்துப் பார்த்தேன். டியூப் வாடை குப்பென்று அடித்தது. ஒரு நிமிடத்துக்குள் கெண்டைக்கால் இறுகிப்போயிற்று. எனக்கு ஒரே சந்தோஷம். இன்று அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அப்போது நான் ஓசூரில் ஒரு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். காலையிலிருந்து முதுகுவலிக்காரர்களும் கழுத்துவலிக்காரர்களும் வந்து படுப்பார்கள். படம் எடுத்து அனுப்புவேன். ஊரில் பாதிப்பேருடைய முதுகெலும்பு எனக்குத் தெரியும், முகம்தான் ஞாபகம் இருக்காது. இப்படியே காலம் போய்விடும் என்று நான் அலுத்துப்போயிருந்த சமயத்தில்தான் டாக்டரம்மா தன் ஆராய்ச்சியோடு வந்தார். அவர் பார்க்க நினைத்தது எலும்பை அல்ல, உழைக்கிற தசைக்குள் ஓடும் இரத்தத்தை. ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தைக் காந்தம் சட்டை செய்யாது. தசையில் ஆக்சிஜனை இறக்கிவிட்டுத் திரும்பும் இரத்தமோ தானே ஒரு பொடிக் காந்தம் மாதிரி ஆகிப் படத்தைக் கொஞ்சம் மங்கவைக்கும். அந்த மங்கலை அளந்தால், ஊசி போடாமல் மருந்து ஏற்றாமல், தசைக்கு ஆக்சிஜன் போய்ச் சேருகிறதா என்று சொல்லிவிடலாம். இரண்டு நிமிடம் பெடலை மிதிக்கவைத்து நிறுத்தியதும், நல்ல காலாக இருந்தால் புது இரத்தம் பாய்ந்து வரும். படத்தில் கெண்டைக்கால் பளிச்சென்று வெளுக்கும். கணினியில் அது சட்டென்று ஏறி மெதுவாக இறங்கும் ஒரு கோடாகத் தெரியும். முதல் நாளே டாக்டரம்மா தன் லேப்டாப்பில் இன்னொரு கோட்டையும் காட்டினார். அது ஏறவில்லை. கீழே விழுந்து, கிடந்து, வெகுநேரம் கழித்துத்தான் தவழத் தொடங்கியது. "இரத்தக் குழாய் அடைச்ச கால் இப்படித்தான் இருக்கும். நம்ம ஆட்கள்ல இத நீ பாக்க மாட்டே, நாம ஆரோக்கியமானவங்களத்தானே எடுக்கறோம்" என்றார். அவர் அடிக்கடி சொல்லும் இன்னொன்றும் உண்டு. "ஆள் சொல்றத எழுதாதே. கால் சொல்றத எழுது." அதை நான் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன். எழுதி வைப்பதில் எனக்குக் குறைச்சலே இருந்ததில்லை.

நாளெல்லாம் நின்று வேலை செய்கிறவர்களின் கெண்டைக்காலும், உட்கார்ந்தே வேலை செய்கிறவர்களின் கெண்டைக்காலும் ஆக்சிஜனை ஒரே மாதிரி வாங்குகின்றனவா என்பதுதான் ஆராய்ச்சி. நிற்கிற கால்களுக்கு ஓசூரில் பஞ்சமா? ஷிப்டு விடும் நேரத்தில் நெடுஞ்சாலையில் நின்றால் கம்பெனி பஸ்களிலிருந்து கால்களாகத்தான் இறங்கும். ஆனால் பொறுக்கி எடுப்பது பெரும்பாடு. புகைக்கக் கூடாது, சர்க்கரை கூடாது, கால்வலி கூடாது. கிரைண்டிங் பிரிவில் வேலை பார்த்தவர் என்றால் கண்ணுக்குள் இரும்புத்தூள் இருக்கிறதா என்று முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அரைஞாண் கயிற்றில் கட்டிய தாயத்தைக் கழற்றமாட்டேன் என்று ஒருவர் படுக்கை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனார். படுத்தவர்கள் விஷயத்தில் வேறொரு விசித்திரம். ஆள் கையில் ஒரு ரப்பர் பல்பைக் கொடுத்து, "வலி தாங்கலன்னா இத அமுக்குங்க, உடனே நிறுத்திடறோம்" என்று சொல்லித்தான் உள்ளே அனுப்புவோம். நோயாளிகள் என்றால் நொடிக்கொரு தரம் அமுக்குவார்கள். கம்பெனிக்காரர்களில் ஒருவர்கூட அமுக்கவில்லை. வேர்வை வழிய மிதித்துவிட்டு, வெளியே வந்து "ஒண்ணுமில்ல மேடம்" என்பார்கள். ஒருவர் மட்டும் போகிற போக்கில் கேட்டார்: "அமுக்கியிருந்தா செவப்பு லைட்டு எரியுமா மேடம்?" அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் நிறுத்தினால் லைன் முழுவதும் நின்றுவிடும். அவர் தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும், சூப்பர்வைசர் ஓடிவருவார், பெயர் பலகையில் ஏறும். எது வந்தாலும் நிறுத்தாமலிருப்பது அவர்களுக்கு உடம்பில் ஊறிப்போன ஒன்று. டாக்டரம்மாவிடம் சொன்னேன். "அப்ப நீ பல்ப நம்பாதே, முகத்தப் பாத்துக்கோ" என்றார். கால் மட்டும்தான் காந்தத்துக்குள் போகும், தலை வெளியேதான் இருக்கும். கண்ணாடித் தடுப்புக்கு இப்பாலிருந்து முகம் நன்றாகவே தெரியும்.

இனி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அக்காவின் கணவர். நாகரசம்பட்டிப் பக்கத்துக்காரர், தகப்பனாரின் மாந்தோப்பில் பங்கு பிரிந்தபோது தனக்கு வந்தது நாலு மரமும் ஒரு தகராறும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு ஓசூருக்கு வேலைக்கு வந்தவர். வண்டிகளுக்கான தகடுகளை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். கன்னடக்காரரோடு கன்னடம், தெலுங்குக்காரரோடு தெலுங்கு, கோபம் வந்தால் மட்டும் தமிழ். ஒருமுறை விரல் கிழிந்தபோது எண்ணெய் துடைக்கும் துணியைச் சுற்றிக்கொண்டு அன்றைய எண்ணிக்கையை முடித்துவிட்டுத்தான் முதலுதவி அறைக்குப் போனாராம். அதை ஒரு சாதனையாகவே எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லித் திரிந்தோம். நான் எட்டாவது படிக்கும்போது அக்காவுக்குக் கல்யாணம். அன்றிலிருந்து நான் அவருக்குப் பாப்பாதான். என்னைக் கல்லூரிக்கு முதல் நாள் கூட்டிப்போய் விட்டவரும் அவர்தான். ஸ்கேன் படிப்பு என்றால் என்ன என்று வீட்டில் எவருக்கும் புரியாதபோது, "உள்ள இருக்கறத வெட்டாம பாக்கற வேலங்க" என்று என் அப்பாவுக்கு விளக்கியதும் அவர்தான். அதைவிடச் சரியாக நானே சொன்னதில்லை.

அவரிடம் ஒரே குறை, பீடி. ஜூஜுவாடியில் கம்பெனி பஸ் இறங்கும் இடத்திலிருந்து அவர்கள் வீடு கூப்பிடு தூரம்தான். அதற்குள் இரண்டு இடத்தில் நின்றுவிடுவார், ஒன்று பஞ்சர் கடை ஓரம், இன்னொன்று மாவு மில் வாசல். நின்று பீடி பற்றவைத்து, நாலு இழுப்பு இழுத்து, கடைக்காரரோடு ஏதாவது வம்பளந்துவிட்டுத்தான் மறுபடி நடப்பார். அக்கா வாசலில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருப்பாள். "தோ இருக்குது ஊடு, அதுக்குள்ள ரெண்டு பீடி. நேரா வந்துட்டா காலு தேஞ்சிடுமா?" என்று வறுத்தெடுப்பாள். மாமா சிரிப்பார். நானும் சேர்ந்து கிண்டல் செய்திருக்கிறேன். மாமா வரும் தூரத்தை மீட்டரில் அளக்கக் கூடாது, பீடியில் அளக்க வேண்டும் என்பேன். கால்களை ஆராய்கிற வேலையில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னேன்.

நின்று வேலை செய்கிறவர்களில் பன்னிரண்டு பேர் வேண்டும் என்று டாக்டரம்மா கேட்டிருந்தார். பதினொரு பேர் முடிந்தது. பன்னிரண்டாவது ஆளுக்குக் கடைசி நேரத்தில் ஓவர்டைம் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை எல்லா அளவுகளையும் பெங்களூருக்கு அனுப்பியாக வேண்டும். அந்தக் கட்டுரையில் என் பெயரும் வரும், அது வந்தால் தன் ஆராய்ச்சிக்கூடத்திலேயே என்னைச் சேர்த்துக்கொள்ள முடியும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். முதுகெலும்புகளிடமிருந்து எனக்கு விடுதலை. வெள்ளிக்கிழமை மாலை மாமாவுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்து சும்மா படுத்துக் காலை ஆட்டினால் போதும், ஆனால் அதுவரைக்கும் பீடி தொடக் கூடாது என்றேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு, "உனக்குன்னா செய்யறன் பாப்பா. ரெண்டு நாளுதான?" என்றார். அடுத்த நாள் அக்கா எனக்குப் போன் செய்து கத்தினாள். "அடியே, என்னா சொக்குப்பொடி போட்ட? பதிமூணு வருசமா நான் கெஞ்சறன், கேக்கல. நீ ஒரு போனு போட்ட, மனுசன் பீடிக் கட்ட தூக்கிப் பரண்ல போட்டுட்டாரு!" அவள் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குப் பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தார். சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, பெண் பார்க்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். படிவத்தை நானே நிரப்பினேன். புகைப் பழக்கம் உண்டா என்ற இடத்தில் இல்லை என்று போட்டேன். எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பொய் எழுதற பாப்பா." "ரெண்டு நாளா புடிக்கல இல்ல மாமா? அப்ப இல்லதான்." அடுத்தது கால்வலி. "ஒரு நாளெல்லாம் நிக்கறவனுக்குக் கால்வலி இல்லாம என்னா, பல்வலியா வரும்?" என்றார். "அந்த வலிய கேக்கல மாமா, இது வேற" என்று அதற்கும் இல்லை என்றே போட்டேன். எந்த வலி, நடக்கும்போதா நிற்கும்போதா, எவ்வளவு தூரத்தில் என்று படிவத்திலேயே அடுத்தடுத்து மூன்று கேள்விகள் இருந்தன. முதலாவதற்கு இல்லை என்று போட்டுவிட்டால் மற்றவற்றைக் கேட்க வேண்டியதில்லை. அந்த வசதி எனக்குத் தெரியும். மற்ற பதினொரு பேரிடமும் நான் அந்த மூன்றையும் கேட்டிருந்தேன்.

இடது காலில் தொடங்கினோம். கெண்டைக்காலைச் சுற்றிப் படமெடுக்கும் பட்டையைக் கட்டி, பாதத்தைப் பெடலில் பொருத்தி, காதுக்கு மூடி போட்டு, கையில் பல்பைக் கொடுத்தேன். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "சரி சரி, நீ போயி உன் வேலயப் பாரு" என்றார். காது மூடிக்குள் தாளத்துக்கு மணி அடிக்க அடிக்க மிதிக்கத் தொடங்கினார். ஒரு நிமிடம் வரை ஒன்றுமில்லை. அதற்குமேல் அவர் முகம் மாறியது. கண்ணை மூடிக்கொண்டார். கீழுதடு பல்லுக்குள் போயிற்று. இடது கை படுக்கையின் விளிம்பைப் பிடித்தது. வலது கை நெஞ்சின்மேல் பல்போடு அப்படியே இருந்தது, ஒரு விரல்கூட மடங்கவில்லை. பாதமோ மணி தவறாமல் மிதித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். மைக்கில் கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். இன்னும் அரை நிமிடம்தானே என்று நினைத்தேன்.

நிறுத்தியதும் கோடு வரத் தொடங்கியது. ஏறவில்லை. கீழே இறங்கியது. இறங்கி அங்கேயே கிடந்தது. மற்றவர்களுக்கு ஏறி இறங்கி முடிந்துபோயிருக்கும் நேரத்தில்தான் இது மெல்லத் தவழ ஆரம்பித்தது. அளவெடுக்கும் நேரம் முடியும்போதும் பழைய இடத்துக்கு வந்து சேரவில்லை. டாக்டரம்மா முதல் நாள் லேப்டாப்பில் காட்டிய அதே கோடு. கால் ஆடியிருந்தாலும் கோடு கெட்டுப்போகும், அது உண்மை. ஆடியதா என்று பார்க்க வழி இருக்கிறது: படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தால் எலும்பின் ஓரம் துள்ளுவது தெரிந்துவிடும். தள்ளிப் பார்த்தேன். ஒரு படம்கூட ஆடியிருக்கவில்லை. பிரஸ் ஷாப் ஆபரேட்டரின் கால். நில் என்றால் நின்றிருந்தது. உள்ளே போய், "வலிச்சுதா மாமா?" என்று கேட்டேன். "அட, இல்ல பாப்பா" என்றார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அடுத்து வலது காலை எடுத்தேன். அழகான கோடு, பாடப் புத்தகத்தில் போடலாம்.

ஒரு கால் சரியாக வந்தாலே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது ஆராய்ச்சியின் விதி. அந்த விதிக்குள் நான் புகுந்துகொண்டேன். வலது காலை அவர் பெயரில் ஏற்றினேன். இடது காலின் படங்களைக் கழித்துப்போட்டவை என்ற கோப்புக்குள் தள்ளி, காரணம் என்ற இடத்தில் ‘ஆடிவிட்டார்’ என்று எழுதினேன். ஏன் செய்தேன் என்று நூறு தடவை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் ரொம்பச் சாதாரணமானது. அந்தக் கோட்டைக் காட்டினால் டாக்டரம்மா கேட்கும் முதல் கேள்வி, இவர் புகைப்பவரா என்பது. படிவத்தில் என் கையெழுத்தில் பொய் இருந்தது. பயந்தேன். அதைவிட, ஆசைப்பட்டேன். அப்புறமாக மாமாவிடம் தனியாகச் சொல்லி ஒரு டாக்டரைப் பார்க்கச் சொல்லலாம் என்றும் நினைத்துக்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மனசாட்சிக்கு ஏதாவது ஒரு மிட்டாய் கொடுக்க வேண்டுமல்லவா. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது மாமா கேட்டுக்கு வெளியே தன் பைக்கில் சாய்ந்து நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். இடது குதிகால் தரையில் படாமல் இருந்தது.

திங்கட்கிழமை டாக்டரம்மா போனில் கேட்டார். "பன்னெண்டாவது ஆளுக்கு லெஃப்ட் என்னாச்சு?" "ஆடிட்டார் டாக்டர்." "சரி, போகட்டும். நல்ல வேலை செஞ்சிருக்கே." அவ்வளவுதான். கட்டுரை வந்தது. என் பெயர் கடைசியில் இருந்தாலும் இருந்தது. எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. மாமா இரண்டு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தார், அதில் என்னைவிட அதிகமாகத் தின்றவரும் அவர்தான். அன்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் வீடு மாற்றுவது, புது வேலை, அத்திப்பள்ளிச் சாலை நெரிசல், கன்னடம் கற்றுக்கொள்வது என்று நாள் போயிற்று. அந்தக் கோடு எப்போதாவது ஞாபகத்துக்கு வரும், வந்தால் உடனே வேறு எதையாவது நினைத்துக்கொள்வேன்.

ஒரு வருடத்துக்குப் பிறகு அவருடைய இடது கால் சுண்டுவிரலில் சேஃப்டி ஷூ கடித்துப் புண்ணானது. ஆறவில்லை. பக்கத்துக் கிளினிக்கில் களிம்பு கொடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். ஷூவைக் கிழித்துவிட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். விரல் கறுத்து, வாடை வந்த பிறகுதான் அக்கா எனக்குப் போன் செய்தாள். பெங்களூரில் இரத்தக் குழாய் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாமாவிடம் கன்னடத்தில் கேட்டார், எவ்வளவு தூரம் நடந்தால் நிற்க வேண்டியிருக்கிறது என்று. மாமா யோசிக்கவே இல்லை. "ஒந்து பீடி தூர சார்" என்றார். டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பஞ்சர் கடை ஓரம், மாவு மில் வாசல். அவர் பீடிக்காக நின்றதில்லை. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு இழுக்க, ஓர் அடி வைக்க முடியாமல்தான் நின்றிருக்கிறார். சும்மா நின்றால் நாலு பேர் என்ன ஏது என்று கேட்பார்கள் என்று பீடியைப் பற்றவைத்திருக்கிறார். எந்த வலிக்காக நின்றாரோ அந்த வலியைக் கொண்டுவந்ததே கையிலிருந்த பீடிதான். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பீடி பிடிக்கிற சின்ன வயதுக்காரர்களுக்கு வரும் அடைப்பு இது, இதற்குப் பெரிய மருந்து எதுவும் இல்லை, பீடியை அடியோடு விடுவதுதான் மருந்து. ஒரு வருடத்துக்கு முன்னால் விட்டிருந்தால் பெரும்பாலும் இந்தக் கால் தங்கியிருக்கும். நான் தலையாட்டினேன். நான் கேட்டேன் என்பதற்காக இரண்டு நாள் விட்டவர் அவர். கோட்டைக் காட்டி, விடுங்கள் மாமா என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார். எனக்கு அதில் துளியும் சந்தேகம் இல்லை.

முதலில் விரல்கள், பிறகு பாதம், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலை எதுவும் அவருக்கென்று அமையவில்லை. அக்கா வேலைக்குப் போகத் தொடங்கினாள், ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், நின்றபடி சர்க்யூட் போர்டுகளைச் சரிபார்க்கும் வேலை. நாகரசம்பட்டியிலிருந்து மாமாவின் சொந்தங்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். போகும்போது வாசலில் நின்று, கூடவே இருந்த பொண்டாட்டிக்குக் கண்ணு இல்லையா என்று அக்காவின் காதுபடப் பேசினார்கள். ஊரை வாயால் வெல்லக்கூடிய என் அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "வாசல்ல நின்னு தெனமும் பாத்தவ நானு. நின்னு நின்னு வந்தாரே, ஏன்னு ஒரு நாளு கேட்டனா? திட்டத்தான தெரிஞ்சிது" என்று என்னிடம் அழுதாள். பிறகு அவள் சொன்ன ஒன்றுதான் இன்றுவரைக்கும் என்னைத் தின்றுகொண்டிருக்கிறது. "நீ மட்டும் பக்கத்துல இருந்திருந்தா ஒரே பார்வயில கண்டுபுடிச்சிருப்படி. எனக்கு என்னா தெரியும், நான் படிக்காதவ." நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வாரமே பழைய மருத்துவமனைக்குப் போய், தெரிந்தவரிடம் சொல்லி அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். படங்கள் எல்லாம் அப்படியே இருந்தன, துல்லியமாக. ‘ஆடிவிட்டார்’ என்பதும் இருந்தது.

மாமாவிடம் சொல்வதற்கே எனக்கு இன்னொரு வருடம் ஆயிற்று. போன மாசி மாதம் ஒரு மதியம், அக்கா ஷிப்டுக்குப் போயிருந்தாள். மாமா தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். செயற்கைக் கால் ஷூவோடு கதவோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பீடி போன இடம் தெரியவில்லை, வாயில் ஒரு கிராம்பு. எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், படிவத்தில் தொடங்கி, கோடு, நான் எழுதிய பொய், பெங்களூர் வேலை வரைக்கும். அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், அது நடக்கவில்லை. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் முதலில் கேட்டது, "அப்ப அது பாத்துச்சா?"

"எது மாமா?"

"உன் மெசினு. அன்னிக்கி உசிரு போற வலி பாப்பா. பல்ப அமுக்கலாமான்னு பாத்தன். அமுக்கினா உன் வேல நின்னுபூடும். நான் வாயத் தொறக்காட்டி என்னா, உள்ள இருக்கறத வெட்டாம பாக்கற மெசினு, அதே பாத்து உனக்குச் சொல்லிடும்னு படுத்திருந்தன். அப்பறம் நீ ஒண்ணும் சொல்லல. சரி, ஒண்ணுமில்ல போல இருக்குதுன்னு விட்டுட்டன்."

"பாத்துச்சு மாமா" என்றேன். "எனக்குச் சொல்லுச்சு."

அவர் தலையை ஆட்டினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. ஒரு காயை எடுத்து நார் உரித்தார், அதை நறுக்காமலே தட்டில் போட்டார். என்னைப் பார்க்காமலே, "அக்காகிட்ட சொல்லிக்காத. பொறந்த ஊட்டுல அவளுக்கு இருக்கறது நீ ஒருத்திதான்" என்றார். சரி மாமா என்றேன். மாலையில் அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "நின்னா வலிக்குதா, நடந்தா வலிக்குதா?" என்று கேட்டேன். "உனக்கு எப்பப் பாத்தாலும் காலுதான்" என்று சிரித்தாள். அடுத்த வாரமே கூட்டிப்போய் அவளுக்கு எல்லாப் பரிசோதனையும் செய்தேன். ஒன்றுமில்லை. "பாத்தியா, நீ கூட இருந்தா எனக்கு என்னா பயம்" என்றாள்.

மாமா சொன்ன வார்த்தையை ஆறு மாதம் காப்பாற்றினேன். அது எனக்குச் சாதகமான வார்த்தை, காப்பாற்றுவது சுலபமாகவே இருந்தது. ஆனால் போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் மாமாவின் அத்தை ஒருத்தி அக்காவைப் பார்த்து அதே பேச்சைத் திரும்ப எடுத்தாள். அக்கா அதே மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். மாமா என்னைப் பார்த்தார், நான் இலையைப் பார்த்தேன். அந்தக் குனிந்த தலை என்னுடையதாக இருக்க வேண்டும். அவள் சுமப்பது என் பொய்யை. நாளைக்கு அக்காவுக்கு வார விடுப்பு. இவ்வளவு பக்கம் எழுத்துக்கூட்டி வாசிக்க அவளால் ஆகாது. நான் எழுதிய இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு ஜூஜுவாடிக்குப் போய், மாமாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, நானே அவளுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன். எந்த வரியில் அவள் எழுந்து போவாள் என்றுதான் தெரியவில்லை.